பூனைக்கண்ணும் சாரதியின் கண்ணும்

மாட்டு வண்டிக் காலத்தில் வண்டிக்காரன் இரவு வழியில் உறங்குவதுண்டு, மாடு உறங்குவதில்லை. பழகிய தடத்தை அதன் கால் அறியும். பள்ளம் கண்டால் அது தயங்கும். வெள்ளம் குறுக்கிட்டால் இறங்க மறுக்கும். சாட்டையை ஓங்கினாலும் அஞ்சிய இடத்தில் அஞ்சியே நிற்கும். வண்டியை இழுத்த விலங்குக்குப் பார்க்கக் கண் இருந்தது. மண்ணைப் பற்றக் கால் இருந்தது. தன் உயிர்மீது அச்சமும் இருந்தது. ஆகவே, வண்டியோட்டியின் கவனக்குறைவுகள் பலவற்றை அவ்விலங்கே ஈடுசெய்து வந்தது.

1886ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வண்டி உலகெங்கும் பரவியபோது, விலங்கு தந்த அம்மூன்று காவல்களும் ஒருங்கே நீங்கின. இயந்திரத்துக்குக் கண்ணில்லை. அதன் சில்லு ஈரநிலத்தையும் உலர்நிலத்தையும் வேறுபிரித்து உணராது. அச்சமோ அதற்கு அறவே இல்லை. வானம் தெளிந்து வீதி உலர்ந்திருக்கும்போது இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. மழையும் மூடுபனியும் இருளும் சூழும்போதே அது வெளிப்படுகிறது. மோட்டார் வண்டிப் பாதுகாப்பின் வரலாற்றை, இழந்த அம்மூன்றையும் மீட்க மனிதன் செய்த முயற்சியின் வரலாறாகக் கொள்ளலாம். கண்ணையும் காலையும் அவன் பெரும்பாலும் மீட்டுக்கொண்டான். அச்சத்தின் கதை வேறு.

முதலிற் கண்ணின் கதையை நோக்குவோம். மேரி அண்டர்சன் என்னும் அம்மையார் 1866இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திற் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு குளிர்காலத்திலே அவர் நியூயோர்க் நகருக்குச் சென்றிருந்தார். அங்கு அவர் டிராம் வண்டியொன்றிற் பயணஞ் செய்தபோது பனிக்கட்டி கலந்த மழை பெய்துகொண்டிருந்தது. முன்கண்ணாடியிற் பனி படிந்து வழி மறைந்தமையால், சாரதி அக்கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு, முகத்தில் அறையும் குளிரையும் ஈரத்தையும் தாங்கியவாறே வண்டியைச் செலுத்தினார். வண்டியில் இருந்த மற்றையோருக்கு இது அன்றாடக் காட்சி. அண்டர்சன் அம்மையாருக்கோ அது தீர்க்கப்படவேண்டிய ஒரு குறையாகத் தோன்றிற்று. ஊர் திரும்பிய அவர், வண்டிக்குள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கத்தக்கதாக, கண்ணாடியின் வெளிப்புறத்தை இறப்பர் விளிம்பால் துடைக்கும் கருவியொன்றை அமைத்தார். 1903ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அக்கருவியை வாங்குவார் இலர். 1905இல் அவர் அணுகிய கனடா நாட்டு நிறுவனமொன்று, அதனை விற்று இலாபம் பெற இயலாதெனக் கூறி மறுத்துவிட்டது. மோட்டார் வண்டிகளே அரிதாயிருந்த காலம் அது. 1920இல் காப்புரிமைக் காலம் முடிவுற்றது. இரண்டாண்டுகளின் பின், 1922இல், கடிலாக் நிறுவனம் தன் வண்டிகள் அனைத்திலும் துடைப்பானைப் பொருத்தத் தொடங்கிற்று. வேறு நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அம்மையாருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. 1953இல் அவர் மறைந்தார். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் பெருமன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2011ஆம் ஆண்டிலேதான்.

துடைப்பான் கண்ணாடியைத் தெளிவித்தது. ஆயின், கண்ணாடிக்கு அப்பால் வீதி எங்கே முடிகிறது, எதிரே வருபவரின் பாதி எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவது யார்? 1911ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் வெயின் மாவட்டத்தில் வீதிப் பொறுப்பாளராயிருந்த எட்வேட் ஹைன்ஸ், வீதியின் நடுவே வெண்கோடு வரையச் செய்தார். பால் ஏற்றிச் சென்ற வண்டியொன்றிலிருந்து ஒழுகிய பால் வீதியில் வெண்தடமாய் நீண்டிருந்ததைக் கண்டே அவர்க்கு இவ்வெண்ணம் பிறந்தது எனச் சொல்லப்படுகிறது. வெண்கோடு இன்று உலகெங்கும் உண்டு. எனினும் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. இரவில் மழை பெய்து வீதியின்மேல் நீர் படியும்போது, அந்நீர்ப்பரப்பு கண்ணாடி போலாகி விளக்கொளியை முன்னோக்கித் தெறிக்கவிடுகிறது. சாரதியின் கண்ணுக்கு ஒளி மீள்வதில்லை, கோடு மறைந்துவிடுகிறது. எந்நேரத்தில் மிகவும் வேண்டப்படுகிறதோ அந்நேரத்திலேயே அது கைவிட்டுவிடுகிறது.

இக்குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள ஹலிபாக்ஸ் நகரத்தவரான பேர்சி ஷோ. 1890இற் பிறந்த அவர் பல்கலைக்கழகம் கண்டவரல்லர். தார் இட்டு வீதிகளையும் முற்றங்களையும் செப்பனிடும் தொழில் செய்தவர். ஹலிபாக்ஸைச் சூழ்ந்த குன்றுப்பாதைகள் செங்குத்தும் வளைவும் நிறைந்தவை. மூடுபனி அங்கே வழக்கமான விருந்தாளி. அப்பாதைகளிற் சென்ற சாரதிகள், டிராம் தண்டவாளத்தின் உருக்கில் தம் விளக்கொளி பட்டு மின்னுவதை வழிகாட்டியாகக் கொண்டிருந்தனர். தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டபோது அவ்வழிகாட்டியும் போயிற்று. பனி மூடிய இரவொன்றில் ஷோ வீடு திரும்பிக்கொண்டிருக்கையில், வீதியோர வேலிமேலிருந்த பூனையொன்றின் கண்கள் அவருடைய வண்டி விளக்கில் ஒளிர்ந்தன என்றும், அவ்வொளியே அவரைப் பள்ளத்தில் வீழாமற் காத்தது என்றும் ஒரு கதை உண்டு. அவரே இக்கதையைப் பலவாறு சொல்லியிருக்கிறார். பூனை உண்மையோ அன்றோ, மூடுபனியும் பாதையும் உண்மை.

ஒளியை வந்த வழியே திருப்பும் கண்ணாடி வில்லைகள் அதற்குமுன்பே இருந்தன. றிச்சட் ஹொலின்ஸ் மரி என்பவர் 1927இல் அவற்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வீதிப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் அவை பதிக்கப்பட்டன. ஷோவின் சிறப்பு, அவ்வொளியை வீதியின் நடுவே, சில்லுகள் ஏறி மிதிக்கும் இடத்திற் கொண்டுவந்து வைத்ததே. 1934இல் அவர் தம் முதற் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935இல் நிறுவனமொன்றைத் தொடங்கினார். அவருடைய பூனைக்கண் ஓர் இரும்புப் பெட்டி. அதனுள்ளே இறப்பர் மெத்தை. மெத்தையில் இருபுறமும் நோக்கிய இரண்டு சோடிக் கண்ணாடி வில்லைகள். வண்டியின் சில்லு ஏறும்போது இறப்பர் அமிழ்ந்து வில்லைகள் உள்ளிறங்குகின்றன. அப்போது இறப்பர் விளிம்பு அவற்றின் முகத்தைத் துடைத்துவிடுகிறது. பெட்டியின் அடியில் மழைநீர் தேங்க இடமுண்டு; துடைப்பதற்கு அந்நீரே உதவுகிறது. இமை மூடித் திறந்து கண்ணீராற் கண்ணைக் கழுவுவதுபோல அக்கருவி தன்னைத்தானே தூய்மை செய்துகொள்கிறது. மழையைப் பகையாகக் கொள்ளாது வேலைக்காரனாகக் கொண்ட கருவி அது.

கருவி நன்றாயினும் விற்பனை மந்தமாகவே இருந்தது. அதன் அருமையை உணர்த்தியது போர். 1939 செப்தெம்பரிற் பிரித்தானியாவில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. வானூர்திகளின் கண்ணுக்கு மறைக்கும்பொருட்டுத் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. வண்டிகளின் முன்விளக்குகள் மூடியிடப்பட்டுக் கீற்றொளி மட்டுமே விடப்பட்டது. விளைவு கொடியதாயிற்று. பெற்றோல் பங்கீட்டால் வண்டிகளின் ஓட்டம் குறைந்திருந்தும், 1941ஆம் ஆண்டில் பிரித்தானிய வீதிகளில் 9,169 பேர் உயிரிழந்தனர். அந்நாட்டின் வீதி வரலாற்றில் அதனினும் கொடிய ஆண்டு வேறில்லை. நடைபாதை விளிம்புகளுக்கும் மரங்களுக்கும் வெள்ளை பூசினர். இரவில் ஊர்ப்புறங்களில் வேகம் மணிக்கு 20 மைலுக்கு மேற்படலாகாதெனச் சட்டமியற்றினர். கீற்றொளியிலும் ஒளிரவல்ல பூனைக்கண்ணின் பயன் அப்போதுதான் பலருக்கும் விளங்கிற்று. 1942இல் மலாயா யப்பானியர் வசமாயிற்று, இறப்பர் அரும்பொருளாயிற்று, நேச நாடுகள் இயற்கை இறப்பருக்கு இலங்கையையே பெரிதும் நம்பியிருந்தன. போர் முடிந்தபின், 1947இல் போக்குவரத்து அமைச்சின் நாடாளுமன்றச் செயலாளரான ஜேம்ஸ் கலகன் பூனைக்கண்களைப் பரவலாகப் பதிக்க ஊக்கமளித்தார். பிற்காலத்திற் பிரதமரானவர் இவரே. ஷோவுக்கு 1965இல் அரச விருது கிட்டிற்று. செல்வம் சேர்ந்தபின்னும், சிறுவயதிற் குடிபுகுந்த அதே வீட்டிலேயே வாழ்ந்து 1976இல் அவர் மறைந்தார்.

இனிக் காலின் கதை. வண்டியின் முழுப் பாரத்தையும் நிலத்தோடு தொடுத்து நிற்பவை நான்கு டயர்களின் அடிப்பாகங்களே. அவை ஒவ்வொன்றும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். 1888இல் ஜோன் பொயிட் டன்லொப் பெல்பாஸ்ற் நகரிற் காற்றடைத்த டயரைச் செய்து பயணத்தை மென்மையாக்கினார். எனினும் தொடக்ககாலத்து டயர்கள் வழுவழுப்பானவை. ஈரத்தில் அவை எளிதில் வழுக்கின. பின்னர் அவற்றின் முகத்தில் வரிப்பள்ளங்கள் அமைக்கப்பட்டன. அப்பள்ளங்கள் அழகுக்கு அமைந்தவையல்ல. டயரின் அடியிற் சிக்கும் நீர் வெளியேறுவதற்கான வாய்க்கால்கள் அவை.

வாய்க்காலின் கொள்ளளவுக்கு மேல் நீர் வந்தால் என்னாகும்? இதனை ஆராய்ந்தவர்கள் வானூர்தித் துறையினர். மழையில் நனைந்த ஓடுபாதையில் இறங்கிய விமானங்கள் பிரேக்குக்கு அடங்காது வழுக்கிச் சென்றமையால், அமெரிக்க வான்வெளி நிறுவனமாகிய நாசாவின் லாங்லி ஆய்வுகூடத்தில் 1960களின் தொடக்கத்தில் வோல்ரர் ஹோர்ன் முதலியோர் இதனை ஆய்ந்தனர். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், டயர் நீரை விலக்க நேரம் போதாமல், நீரின்மேலேயே ஏறி மிதக்கிறது என அவர்கள் கண்டனர். அவ்வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தமுள்ள டயர், அவர்களுடைய கணக்கின்படி, மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீற்றரில் மிதக்கத் தொடங்கும். காற்று குறைந்தாலோ, டயர் தேய்ந்தாலோ ஆபத்து இன்னும் குறைந்த வேகத்திலேயே வரும். மிதக்கும் வண்டிக்குப் பிரேக்கும் இல்லை, சுக்கானும் இல்லை. அது சாரதியில்லாத தோணிக்கு ஒப்பானது. இவ்வாராய்ச்சியின் பயனாக ஓடுபாதைகளிலும், பின்னர் நெடுஞ்சாலைகளிலும், நீர் வடியும் வரிகள் வெட்டப்பட்டன.

சில்லு வழுக்காமற் காக்க வேறொரு கருவியும் விமானத்திலிருந்தே வந்தது. பிரேக்கை அழுத்தும்போது சில்லு முற்றாகப் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கும். திசை திருப்பவும் இயலாது. பூட்டிக்கொள்ளும் தறுவாயில் பிரேக்கைத் தானே தளர்த்தி மீண்டும் இறுக்கும் பொறிமுறையை 1950களில் டன்லொப் நிறுவனம் விமானங்களுக்கு அமைத்தது. 1966இல் அது ஜென்சன் என்னும் பிரித்தானியக் காரொன்றில் இடம்பெற்றது. 1978இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் அதனை மின்னணு முறையில் அமைக்க, மேர்சிடிஸ் வண்டிகளில் அது பொருத்தப்பட்டது.

இவ்வாறு கண்ணும் காலும் மீண்டன. விபத்துகளும் அவ்வளவிற்குக் குறைந்திருக்க வேண்டுமல்லவா? இங்கேதான் வரலாறு ஒரு வியப்பான பாடத்தைப் புகட்டுகிறது.

1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாடகைக் கார் நிறுவனமொன்றின் வண்டிகளில் ஒரு பகுதிக்குப் பூட்டாப் பிரேக் பொருத்தப்பட்டது; மறுபகுதிக்குப் பொருத்தப்படவில்லை. சில ஆண்டுகள் கணக்கெடுத்துப் பார்த்ததில், இருவகை வண்டிகளின் விபத்துகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயணிகள் போல் ஏறியமர்ந்து சாரதிகளைக் கவனித்தவர்கள் அதன் காரணத்தைக் கண்டனர். புதிய பிரேக் உள்ள வண்டியைச் செலுத்தியவர்கள் வளைவுகளை விரைந்து திருப்பினர். முன்செல்லும் வண்டியை மேலும் நெருங்கிச் சென்றனர். கருவி தந்த பாதுகாப்பை அவர்கள் வேகமாக மாற்றிச் செலவிட்டுவிட்டனர்.

பின்லாந்து நாட்டின் அநுபவமும் இதனை ஒத்ததே. அங்கே குறுகிய, வளைவுகள் நிறைந்த வீதிகளின் ஓரங்களில் ஒளிதிருப்பும் கம்பங்கள் நாட்டப்பட்டன. 1993இல் வெளிவந்த ஆய்வொன்று, மணிக்கு 80 கிலோமீற்றர் எல்லையுள்ள அத்தகைய வீதிகளில் இரவுநேர வேகமும், இரவுநேர விபத்துகளும் கம்பங்கள் நாட்டியபின் கூடினவெனக் காட்டிற்று. வளைவு தெரியாதபோது தயங்கியவர், வளைவு தெரிந்ததும் துணிந்துவிட்டார். வழி தெரிந்ததேயன்றி, வழியின் வழுக்கலும் குறுக்கே நிற்கும் பொருளும் தெரியவில்லை.

இதனாற் கருவிகள் பயனற்றவை என்று கொள்ளுதல் தவறு. வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சில்லுகளைத் தானே கட்டுப்படுத்தி நேர்ப்படுத்தும் மின்னணுக் கருவி 1995 முதல் கார்களில் வந்துள்ளது. அது பல நாடுகளில் உயிரிழப்பைக் குறைத்திருப்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. அக்கருவி பெரும்பாலும் சாரதி உணராவண்ணம் வேலை செய்வது. ஆதலால் அதனை நம்பி வேகம் கூட்ட அவருக்கு எளிதில் தோன்றுவதில்லை. பூனைக்கண்ணும் எத்தனையோ பேரை வீடு சேர்த்திருக்கிறது. கருவி கண்ணையும் காலையும் தரும். மாட்டுக்கு இயல்பாயிருந்த அந்த அச்சத்தைத் தர அதனால் இயலாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதைத் தமிழ் அறநூல்கள் கோழைத்தனம் எனக் கொள்ளவில்லை. அறிவு என்றே கொண்டன.

அவ்வறிவு இல்லாதபோது நேர்வதை 1990ஆம் ஆண்டு திசெம்பர் 11ஆந் திகதி உலகம் கண்டது. அமெரிக்காவின் தெனெசி மாநிலத்தில் கல்ஹூன் என்னும் ஊரருகே, 75ஆம் இலக்கப் பெருஞ்சாலையை அடர்ந்த மூடுபனி திடீரெனச் சூழ்ந்தது. அகன்ற நல்ல சாலை. துடைப்பான், விளக்கு, பிரேக் யாவும் உடைய வண்டிகள். ஒருவர் வேகம் குறைத்தார்; பின்னால் வந்தவர் குறைக்கவில்லை. வண்டியின்மேல் வண்டியாக 99 வண்டிகள் மோதின. 12 பேர் இறந்தனர்; 42 பேர் காயமுற்றனர். அவ்விடத்தில் மூடுபனி விபத்து நேர்ந்தது அதுவே முதன்முறையும் அன்று. அதன்பின், மூடுபனியை உணரும் கருவிகளும், வேக எல்லையை மாற்றிக் காட்டும் பலகைகளும், வேண்டுமிடத்துச் சாலையையே அடைத்துவிடும் வாயில்களும் அங்கே அமைக்கப்பட்டன. வண்டிக்கு இல்லாத அச்சத்தைச் சாலைக்கு ஊட்ட முயன்றனர் எனலாம்.

இலங்கையிலும் இப்பாடம் அந்நியமானதன்று. ஹற்றன், நுவரெலியா, அப்புத்தளை வழிகளில் மூடுபனி நண்பகலிலும் இறங்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே வடக்கு, கிழக்கு வீதிகளின் தாழ்ந்த பாலங்களை வெள்ளம் மூடும். 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில், மழை பெய்யும்போது வேகத்தை மணிக்கு 60 கிலோமீற்றராகக் குறைக்குமாறு அதிகாரிகள் பலமுறை அறிவுறுத்தியுள்ளனர். அதன் காரணத்தை மேலே கண்ட கணக்கே விளக்கும். 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 22 மீற்றரைக் கடக்கிறது. உலர்ந்த வீதியில் அது நிற்பதற்கு 53 மீற்றர் வேண்டும் எனப் பிரித்தானிய வீதி விதிநூல் கணிக்கிறது. ஈரத்தில் அத்தூரம் இருமடங்கோ அதனினும் மிகுதியோ ஆகலாம். மூடுபனியில் 30 மீற்றர் மட்டுமே தெரியும் ஒருவர், அவ்வேகத்திற் செல்வாராயின், தாம் காணாத இடத்தை நம்பியே செல்கிறார்.

ஆகவே விதி ஒன்றே: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்தக்கூடிய வேகமே தகுந்த வேகம். ஏனையவை அதன் கிளைகள். மழையில் முன்செல்லும் வண்டிக்கும் தம் வண்டிக்கும் உள்ள இடைவெளியை இருமடங்காக்குதல் வேண்டும். நெடுநாள் வெயிலின்பின் பெய்யும் முதன்மழையில், வீதியிற் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்குமாதலால், அப்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. மூடுபனியில் முன்விளக்கைத் தாழ்த்தியே எரிக்க வேண்டும். உயர்த்தினால், பனித்துளிகளிற் பட்ட ஒளி வெண்சுவராகித் திரும்பிக் கண்ணை மறைக்கும். முன்செல்லும் வண்டியின் செவ்விளக்கைப் பற்றிக்கொண்டு நெருங்கிச் செல்வது ஆறுதலாகத் தோன்றும். அவர் பள்ளத்தில் வீழ்ந்தால் பின்செல்பவரும் வீழ்வார். பாலத்தின்மேல் நீர் ஓடினால் இறங்கலாகாது. ஓடும் நீர் ஓரடி உயர்ந்தாற் சிறிய காரை அடித்துச் செல்லும். இரண்டடி உயர்ந்தாற் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். நீருக்கடியில் வீதி இன்னும் இருக்கிறதோ அரித்துப்போயிற்றோ என்பதை மேலிருந்து அறிய வழியில்லை.

இப்பொறுப்பு சாரதிக்கு மட்டும் உரியதன்று. மலைப்பாதையில் மூடுபனி கண்டு பஸ் வண்டியின் வேகம் குறையும்போது, புகைவண்டி தவறிவிடும் என்றும், அலுவலகத்துக்கு நேரமாகிறது என்றும் பின்னிருக்கையிலிருந்து முணுமுணுப்பு எழுவதுண்டு. மெல்லச் செல்லும் சாரதியைப் பார்த்துச் சிரிப்போரும் உண்டு. அச்சொற்கள் அவருடைய காலை முடுக்கியின்மேல் அழுத்துகின்றன. மேரி அண்டர்சனும் பேர்சி ஷோவும் தந்தவை எல்லாம் அவ்வண்டியிலும் வீதியிலும் இருக்கின்றன. அவை தர இயலாத ஒன்றை அச்சாரதி தம்மிடமிருந்தே எடுத்து, வண்டியில் உள்ள அனைவர்க்கும் வழங்கிக்கொண்டிருக்கிறார். அவ்வேளையில் அவரை அவசரப்படுத்தாதிருப்பதே பயணி செய்யக்கூடிய உதவி.